‘ஆக’வை எதுவரைக்கும் நம்பலாம்?

தமிழ்நாடு–கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கத்து டீக்கடைகளில் ஒரே டீயை இரண்டு விதமாகப் பாராட்டுவார்கள். ஒருவர் ‘டீ நல்லா இருக்கு’ என்பார், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் ‘சாய நன்னாயிட்டுண்டு’ என்பார். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ‘தி டீ டேஸ்ட்ஸ் வெல்’ என்று எழுதும். சரியான வாக்கியம் ‘தி டீ டேஸ்ட்ஸ் குட்’. இந்தப் பிழை இலக்கணம் தெரியாததால் வருவதல்ல. தாய்மொழி சரியாகவே கற்றுக்கொடுத்த ஒரு விதியை ஓரடி அதிகமாக நம்புவதால் வருகிறது.

எல்லை நாட்டில் இரண்டு சித்தூர்கள் உண்டு. பாலக்காட்டுச் சித்தூரில் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் தமிழ் வீடுகளுக்கு வெளியே தெலுங்கு. இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தின் பெயரடை, வினையடையைப் பிடிக்க ஒரு நல்ல கைமுதல் கையிலேயே இருக்கிறது. வகுப்பில் அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்று சொல்வதைத்தான் இங்கே பெயரடை, வினையடை என்கிறேன். மலையாளப் பள்ளியில் இவற்றுக்கு நாமவிசேஷணம், கிரியாவிசேஷணம் என்று பெயர்.

கைமுதல் என்னவென்றால், தமிழில் ‘அழகான பாட்டு’, ‘அழகாகப் பாடினாள்’. ‘ஆன’ பெயரை ஒட்டி நிற்கும், ‘ஆக’ வினையை ஒட்டி நிற்கும். மலையாளத்தில் அதே வேலையை ‘ஆய’வும் ‘ஆயி’யும் செய்கின்றன: மனோஹரமாய பாட்டு, மனோஹரமாயி பாடி. தெலுங்கில் ‘அந்தமைன’ என்றால் பெயருக்கு, ‘அந்தங்கா’ என்றால் வினைக்கு. மூன்று மொழியிலும் இந்த விகுதிகள் எல்லாம் ‘ஆகு’ என்ற ஒரே வினையின் பிள்ளைகள். ஆங்கிலத்திலும் அப்படியே ‘பியூட்டிஃபுல் சாங்’, ‘சாங் பியூட்டிஃபுல்லி’. ஆன என்றால் வெறும் சொல், ஆக என்றால் எல்-ஒய் சேர்ந்த சொல் என்று வைத்துக்கொண்டாலே ஏழெட்டு வகுப்பு வரைக்கும் காலம் ஓடிவிடும். ‘நல்ல’ போன்ற சொற்கள் ‘ஆன’ இல்லாமலே பெயரடையாக நிற்கும், வினைக்கு வரும்போது ‘நன்றாக’ என்று முகம் மாறும். ஆங்கிலத்தின் ‘குட்’டும் அப்படித்தான், வினைக்கு வந்தால் ‘வெல்’. இந்த ஒன்றைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டியதில்லை.

பழைய தமிழ் இலக்கணம் இந்த இரண்டையும் தனி இனமாக வைக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். தொல்காப்பியம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பிரித்தது. பெயரடை, வினையடை என்பவை பின்னாளில் வந்த பெயர்கள். ஆகவே தமிழ் இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை ஆங்கிலத்தின் இந்தப் பாகத்தில் தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி, கைமுதல் காலை வாரும் இடம். ‘அவள் அழகாக இருக்கிறாள்.’ ‘அறை சுத்தமாக இருக்கிறது.’ ‘அவர் கோபமாக இருந்தார்.’ எல்லாவற்றிலும் ‘ஆக’ இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒன்றுக்குக்கூட எல்-ஒய் வராது. ஷி இஸ் பியூட்டிஃபுல், தி ரூம் இஸ் கிளீன், ஹி வாஸ் ஆங்க்ரி. இங்கே ‘ஆக’ செயலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, எழுவாயின் தன்மையைத்தான் சொல்கிறது. தமிழ் அதற்கும் ‘ஆக’வையே போடுகிறது, தெலுங்கும் ‘அந்தங்கா உந்தி’ என்று அதே பாதையில் போகிறது. ஆங்கிலம் மட்டும் விலகிப் பெயரடைக்குப் போகிறது.

‘இஸ்’, ‘வாஸ்’ வரும்போது இந்தத் தவறு அவ்வளவாக நடக்காது, ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ காதில் பழகிய ஒலி. தவறு நடப்பது புலன் வினைகளில்: லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட். இவற்றோடு சீம், அப்பியர், பிகம், ரிமெய்ன், ஸ்டே, கீப் ஆகியவையும், ‘ஆகிவிடு’ என்ற பொருளில் வரும்போது கோ, டர்ன், குரோ, கெட் ஆகியவையும் சேரும். ‘களைப்பாகத் தெரிகிறாய்’ என்பது ‘யூ லுக் டயர்ட்’. ‘பால் கெட்டுப்போச்சு’ என்பது ‘தி மில்க் வென்ட் பேட்’, ‘பேட்லி’ அல்ல. ‘முதலமடை மாம்பழம் மணமாக இருக்கிறது’ என்பது ‘தி மாங்கோ ஸ்மெல்ஸ் ஸ்வீட்’, ‘ஸ்வீட்லி’ அல்ல.

சோதனை எளிது. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். பொருள் ஏறக்குறைய நின்றால் பெயரடை, வாக்கியம் உளறினால் வினையடை. ‘ஹி லுக்ட் ஆங்க்ரி’யில் ‘வாஸ்’ போட்டால் ‘ஹி வாஸ் ஆங்க்ரி’, நிற்கிறது. ‘ஹி லுக்ட் ஆங்க்ரிலி அட் தி கண்டக்டர்’ என்பதில் ‘வாஸ்’ போட்டால் ‘ஹி வாஸ் ஆங்க்ரிலி அட் தி கண்டக்டர்’, அர்த்தமில்லை. முதல் வாக்கியத்தில் அவர் முகம் கோபமாக இருந்தது. இரண்டாவதில் அவர் கண்டக்டரைக் கோபமாகப் பார்த்தார், அதாவது பார்வை என்ற செயல் நடந்தது. ‘லுக்’ ஒரே சொல்தான், இரண்டு வேலை. டீக்கடை உதாரணமும் அப்படியே. டீ ருசியாக இருந்தால் ‘டேஸ்ட்ஸ் குட்’, சமையல்காரர் குழம்பைக் கவனமாக ருசி பார்த்தால் ‘டேஸ்டட் கேர்ஃபுல்லி’.

இந்தச் சோதனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீன் நல்ல சாட்சி. ‘தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் மீன் நாறுகிறது. ‘பேட்லி’ என்று எழுதினால், கறாராகப் படிக்கிறவருக்கு, மீனுக்கு மோப்பசக்தி குறைவு என்று ஆகிவிடும். ‘ஐ ஃபீல் பேட்’ என்பதும் அப்படித்தான், வருத்தமாக இருக்கிறது என்பதற்கு ‘பேட்லி’ வேண்டாம். இங்கே ஒரு விலக்கு உண்டு: ‘ஐ ஆம் வெல்’ சரி, ஏனென்றால் உடம்பைப் பற்றிப் பேசும்போது ‘வெல்’ என்பதே பெயரடை. சுகமாக இருக்கிறேன் என்று பொருள். ‘ஐ ஆம் குட்’ என்பது பேச்சுவழக்கில் இன்று எங்கும் கேட்கிறது, தேர்வுத் தாளில் எழுத வேண்டாம்.

எழுவாய்க்கு நடப்பது செயப்படுபொருளுக்கும் நடக்கும், இதைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஓரமாக ஒதுக்கிவிடுகின்றன. ‘அறையைச் சுத்தமாக வை’ என்பதில் சுத்தம் வைக்கிற செயலுக்கா, அறைக்கா? அறைக்கு. ஆகவே ‘கீப் தி ரூம் கிளீன்’. ‘சுவருக்குப் பச்சையாக அடி’ என்றால் ‘பெயின்ட் தி வால் கிரீன்’. ‘அவன் என்னைக் கோபமாக்கினான்’ என்றால் ‘ஹி மேட் மீ ஆங்க்ரி’. செயல் முடிந்தபின் அந்தத் தன்மை பொருளின்மேல் தங்குகிறதா என்று பார்த்தால் போதும். சில இடங்களில் இரண்டுமே ஒத்துவரும். தேங்காயை நைசாக அரைக்கச் சொல்ல ‘ஃபைன்’ என்றும் எழுதுவார்கள், ‘ஃபைன்லி’ என்றும் எழுதுவார்கள், வெங்காயத்தை மெல்லியதாக நறுக்க ‘தின்’, ‘தின்லி’ இரண்டும் உண்டு. அரைப்பு நைசாக ஆகிறது, அரைக்கும் விதமும் நைசு. சண்டை போட வேண்டிய இடமல்ல.

‘ஆக’ இன்னும் பல வேடம் போடும். ‘டீச்சராக வேலை பார்க்கிறாள்’ என்பதில் அது ‘அஸ் எ டீச்சர்’. ‘பத்து நாளாக’ என்பது ‘ஃபார் டென் டேஸ்’. ‘எனக்காக’ என்பது ‘ஃபார் மீ’. இவற்றில் வினையடையின் நிழல்கூட இல்லை. சுருக்கமாக ஒரு வாய்பாடு சொல்வதானால், ‘ஆக’வுக்குப் பின்னால் இரு, தெரி, ஆகு, மாறு, வை, ஆக்கு போன்ற வினை வந்தால் ஆங்கிலத்தில் பெயரடையைத் தேடுங்கள். ஓடு, பாடு, எழுது, பேசு போன்ற செயல் வினை வந்தால் எல்-ஒய் சொல்லைத் தேடுங்கள்.

சில சமயம் தமிழில் ‘ஆக’வே இருக்காது, வினை மட்டும் இருக்கும், ஆங்கிலம் பெயரடை கேட்கும். பசிக்குது, தாகம் எடுக்குது, இனிக்குது, கசக்குது. ‘எனக்குப் பசிக்குது’ என்பதில் ‘எனக்கு’ என்பதைப் பார்த்து ‘டு மீ’ தேடக் கூடாது. ‘ஐ ஆம் ஹங்க்ரி’, அவ்வளவுதான். ‘போர் அடிக்குது’ இதில் இன்னும் மோசமான குழி. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நான் அறுவை ஆசாமி என்று அர்த்தம். அலுப்பை உண்டாக்குவது ‘போரிங்’, அலுத்துப்போனவர் ‘போர்ட்’. இன்ட்ரஸ்டிங்–இன்ட்ரஸ்டட், டயரிங்–டயர்ட், கன்ஃபியூசிங்–கன்ஃபியூஸ்ட் எல்லாம் இதே ஜோடி. அனுபவிப்பவருக்கு இ-டி, அனுபவத்தைக் கொடுப்பதற்கு ஐ-என்-ஜி.

எல்-ஒய் பற்றிய இரண்டாவது நம்பிக்கையும் உடைய வேண்டியது. எல்-ஒய்யில் முடிவதெல்லாம் வினையடை அல்ல. ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, எல்டர்லி, காஸ்ட்லி, கவர்ட்லி, சில்லி, அக்லி இவை பெயரடைகள். ‘ஹி ஸ்போக் ஃபிரெண்ட்லி’ என்று எழுத முடியாது, ‘ஹி ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் போக வேண்டும். டெய்லி, வீக்லி, மன்த்லி, எர்லி ஆகியவை இரண்டு பக்கமும் நிற்கும்: ‘எ டெய்லி பஸ்’, ‘தி பஸ் கம்ஸ் டெய்லி’. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘லிக்’ என்றால் உடல், வடிவம். பெயரோடு சேர்ந்து ‘அதுபோன்ற’ என்று பெயரடையை உண்டாக்கியது. அதன்மேல் ஒரு ‘எ’ ஒலி சேர்ந்தால் வினையடை. காலப்போக்கில் அந்தக் கடைசி ஒலி தேய்ந்துபோக, பெயரடை விகுதியும் வினையடை விகுதியும் ஒரே எல்-ஒய் ஆகிவிட்டன.

அதே தேய்மானம் இன்னொரு கூட்டத்தையும் உண்டாக்கியது. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ போன்றவற்றுக்கு வினையடையாக நிற்க அந்தக் காலத்தில் ஈற்றில் ஓர் ‘எ’ இருந்தது. அது உதிர்ந்தபின் பெயரடைக்கும் வினையடைக்கும் உருவத்தில் வித்தியாசமே இல்லை. எ ஃபாஸ்ட் டிரெயின், தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட். ‘ஃபாஸ்ட்லி’ என்ற சொல்லை யாரும் எழுதுவதில்லை. ஸ்ட்ரெய்ட், எர்லி, லேட், லாங் எல்லாம் இந்த வீட்டுக்காரர்கள். மலைச்சாலைகளில் ‘கோ ஸ்லோ’ என்று பலகை வைத்திருப்பதைப் பார்த்து இலக்கணம் தவறு என்று சிலர் குறை சொல்வார்கள். தவறில்லை, ஓட்டம், நடை குறித்த வினைகளோடு ‘ஸ்லோ’ வினையடையாக நெடுநாளாக வழங்குகிறது. கட்டுரையில் மட்டும் ‘ஸ்லோலி’ எழுதிவிடுங்கள், திருத்துபவருக்கு வேலை கொடுக்க வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ‘திங்க் டிஃபரன்ட்’ விளம்பர வாசகத்தையும் இதே காரணத்துக்காக வாத்தியார்கள் திட்டினார்கள். விளம்பரத்தைத் தேர்வுத் தாளுக்கு முன்மாதிரியாக எடுக்க வேண்டாம் என்பதோடு அதை விட்டுவிடலாம்.

இந்தக் கூட்டத்தில் ஆபத்தானது ‘ஹார்ட்’. கடினமாக உழைத்தான் என்பதற்கு ‘ஆக’ இருக்கிறதே என்று ‘ஹி வொர்க்ட் ஹார்ட்லி’ எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘ஹார்ட்லி’ என்றால் அனேகமாக இல்லை, பெயருக்குக்கூட இல்லை என்று அர்த்தம். வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் ஹார்ட்லி வொர்க்ட் ஃபார் திஸ் கம்பெனி’ என்று எழுதியவர் தன் சோம்பலைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர் ஆகிறார். கடினமாக உழைத்ததற்கு ‘வொர்க்ட் ஹார்ட்’. ‘ஹார்ட்லி’யில் எதிர்மறை ஏற்கெனவே உள்ளே இருப்பதால் பக்கத்தில் ‘நாட்’ வரக் கூடாது. ‘ஐ குட் ஹார்ட்லி ஹியர்’ சரி, ‘ஐ குட்ன்ட் ஹார்ட்லி ஹியர்’ தவறு. ஸ்கேர்ஸ்லி, ரேர்லி, செல்டம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

பொருள் விலகும் மற்ற ஜோடிகள்: ‘லேட்’ தாமதமாக, ‘லேட்லி’ சமீபகாலமாக. ‘நியர்’ அருகில், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘ஹை’ உயரத்தில், ‘ஹைலி’ மிகவும், மரியாதையாக. ‘ஃப்ரீ’ காசில்லாமல், ‘ஃப்ரீலி’ தாராளமாக, தடையின்றி. ‘ஷார்ட்லி’ என்றால் சீக்கிரத்தில், குட்டையாக அல்ல. வாளையாறு வழியாக வரும் பஸ் தாமதமானால் ‘தி பஸ் கேம் லேட்’. ‘தி பஸ் கேம் லேட்லி’ என்று எழுதினால் அந்த பஸ் கொஞ்ச நாளாகத்தான் வருகிறது என்று ஆகும்.

கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) தேர்வுகளின் பொது ஆங்கிலப் பகுதிக்குப் படிப்பவர்கள் இந்த ஜோடிகளைக் கட்டாயம் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்கு இவை வாகான சரக்கு.

அடுத்தது இடம். சொல் சரியாக இருந்தும் நிற்கும் இடம் தவறினால் வாக்கியம் கோணும். தமிழில் ‘அவன் நேத்து வயல்ல நல்லா உழைச்சான்’. முதலில் காலம், பிறகு இடம், பிறகு விதம், கடைசியில் வினை. ஆங்கிலத்தில் வினையிலிருந்து எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும்: ‘ஹி வொர்க்ட் ஹார்ட் இன் தி ஃபீல்ட் யெஸ்டர்டே’. வினை, விதம், இடம், காலம். கண்ணாடியில் பார்த்தது மாதிரி. தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்தாலே ஆங்கில வரிசை பாதி கிடைத்துவிடும். காலத்தை மட்டும் முன்னால் கொண்டுவரலாம், ‘யெஸ்டர்டே ஹி வொர்க்ட் ஹார்ட்’ என்பது குற்றமில்லை.

‘அவ நல்லா இங்கிலீஷ் பேசுவா’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை போட்டால் ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ வரும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடையை ஆங்கிலம் விடாது. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்.’ ‘ஐ லைக் வெரி மச் டீ’ என்பதும் இதே தவறுதான், ‘ஐ லைக் டீ வெரி மச்’. எத்தனை தடவை என்று சொல்லும் ஆல்வேஸ், யூசுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், நெவர் மட்டும் வினைக்கு முன்னால் உட்காரும்: ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’. ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற ‘பி’ வினை இருந்தால் அதற்குப் பின்னால்: ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்’. துணை வினை இருந்தால் முதல் துணை வினைக்குப் பின்னால்: ‘ஹி ஹேஸ் ஆல்வேஸ் ஹெல்ப்ட் அஸ்’. இதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, பத்து வாக்கியம் சத்தமாகச் சொன்னால் காது பிடித்துக்கொள்ளும்.

எல்லைப் பக்கத்து ஆங்கிலத்துக்கு என்றே சில அடைச்சொற்கள் உண்டு. தமிழின் ‘தான்’, ‘ஏ’ இரண்டும், மலையாளத்தின் ‘தன்னெ’யும் ஆங்கிலத்துக்குள் ‘ஒன்லி’யாகவும் ‘இட்செல்ஃப்’ஆகவும் குடிபுகுந்தவை. ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் சித்தூர் ஒன்லி’ என்பது ‘சித்தூரிலிருந்துதான் வருகிறேன்’. ‘டுடே இட்செல்ஃப்’ என்பது ‘இன்னைக்கே’. கேட்பவரும் எல்லைக்காரர் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை, புரியும். வெளியூர்க்காரருக்கு ‘ஒன்லி’ என்றால் ‘மட்டும்’. ‘ஐ ஈட் ரைஸ் அட் நைட் ஒன்லி’ என்றால் பகலில் சோறே தின்பதில்லை என்று எடுத்துக்கொள்வார். எழுத்தில் அழுத்தம் வேண்டுமென்றால் குரலுக்குப் பதில் அமைப்பை மாற்ற வேண்டும்: ‘இட் இஸ் ஃப்ரம் சித்தூர் தட் ஐ கம்’ என்று எழுதலாம், அல்லது அழுத்தத்தை விட்டுவிடலாம். பெரும்பாலும் விட்டுவிடுவதே நல்லது. ‘டுடே இட்செல்ஃப்’ என்பதற்கு வெறும் ‘டுடே’ அல்லது ‘திஸ் வெரி டே’.

‘சிம்ப்ளி’யும் அப்படித்தான். ‘சும்மா வந்தேன்’ என்பதை இங்கே ‘ஐ சிம்ப்ளி கேம்’ என்பார்கள். மலையாளத்தின் ‘வெறுதே’ வந்து இதற்கு இன்னும் வலு சேர்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சிம்ப்ளி’ எளிமையாக அல்லது வெறுமனே என்று பொருள்படும், காரணமில்லாமல் என்று பொருள்படாது. ‘ஐ ஜஸ்ட் டிராப்ட் இன்’ என்றால் சும்மா எட்டிப்பார்த்தது சரியாக வந்துவிடும். ‘யெஸ்டர்டே நைட்’, ‘டுடே மார்னிங்’ என்பவை நேற்று ராத்திரி, இன்று காலை என்பவற்றின் நேரடிப் பிரதிகள். ‘லாஸ்ட் நைட்’, ‘திஸ் மார்னிங்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இரட்டிப்பும் நம் சொத்து. சின்னச் சின்ன, சூடு சூடாக, மெல்ல மெல்ல. மலையாளத்தில் செறிய செறிய, பதுக்கெ பதுக்கெ. ஆங்கிலத்தில் ‘ஸ்மால் ஸ்மால் திங்ஸ்’ நிற்காது. ஆனால் இரட்டிப்புக்கு உள்ளே மூன்று தனிப் பொருள் இருக்கிறது, அதைக் கண்டு மாற்ற வேண்டும். ‘சின்னச் சின்ன கடைகள்’ என்பது பன்மை, ‘மெனி ஸ்மால் ஷாப்ஸ்’. ‘சூடு சூடாக இட்லி’ என்பது மிகுதி, ‘பைப்பிங் ஹாட் இட்லிஸ்’. ‘மெல்ல மெல்ல’ என்பது படிப்படியான மாற்றம், ‘லிட்டில் பை லிட்டில்’ அல்லது ‘கிராஜுவலி’. ‘ஸ்லோலி ஸ்லோலி’ என்று சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவதைவிட இந்த மூன்றில் எது என்று ஒரு நொடி யோசிப்பது லாபம்.

‘ரொம்ப’ என்ற ஒரு சொல்லை ஆங்கிலம் இரண்டாகப் பிளக்கிறது. ‘வெரி’ அளவு அதிகம் என்று மட்டும் சொல்லும், ‘டூ’ அளவு மிஞ்சிவிட்டது, இனி ஆகாது என்று சொல்லும். ‘தி சாக் இஸ் வெரி ஹெவி’ என்றால் மூட்டை கனம், தூக்கலாம். ‘தி சாக் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்’ என்றால் தூக்க முடியாது. அந்த வாக்கியத்தில் ‘நாட்’ எங்குமே இல்லை, எதிர்மறை ‘டூ’வுக்குள்ளேயே இருக்கிறது. ‘எனஃப்’ பெயரடைக்குப் பின்னால், பெயருக்கு முன்னால்: ‘ஓல்ட் எனஃப்’, ‘எனஃப் வாட்டர்’. தமிழில் ‘போதுமான’ எப்போதும் முன்னால் வருவதால் ‘எனஃப் ஓல்ட்’ என்று எழுதத் தோன்றும்.

ஒப்பீட்டில் ஒரு அடையாளம் போதும், ‘மோர் பெட்டர்’, ‘மோர் ஃபாஸ்டர்’ இரண்டும் இரட்டைச் சம்பளம். ஃபாஸ்டர், ஹார்டர் என்று ஒற்றை அசை வினையடைகள் இ-ஆர் எடுக்கும், எல்-ஒய் சேர்ந்தவை ‘மோர்’ எடுக்கும்: ‘மோர் ஸ்லோலி’. சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீன் வழி வந்தவை. இவற்றுக்குப் பின்னால் ‘தேன்’ வராது, ‘டு’தான் வரும். ‘எல்டர்’ குடும்பத்துக்குள் மட்டும், அதுவும் பெயருக்கு முன்னால் மட்டும். ‘எல்டர் தேன் மீ’ கிடையாது, ‘ஓல்டர் தேன் மீ’.

பெயரடைகளை அடுக்கும் வரிசை: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், எதனால் ஆனது, எதற்கு. ‘எ லவ்லி ஸ்மால் ஓல்ட் பிராஸ் லேம்ப்’. மூன்றுக்கு மேல் அடுக்குபவர்கள் அகராதிக்காரர்களும் வீடு விற்பவர்களும்தான். இரண்டு போதும் என்றால் கருத்தை முன்னால், பொருளைப் பின்னால் வைத்தால் வேலை முடிந்தது. அஃப்ரெய்ட், அஸ்லீப், அலைவ், அவேக், அஷேம்ட் என்று ‘அ’வில் தொடங்கும் ஒரு சிறு கூட்டம் பெயருக்கு முன்னால் நிற்க மறுக்கும். ‘தி சைல்ட் இஸ் அஸ்லீப்’ சரி, ‘ஆன் அஸ்லீப் சைல்ட்’ தவறு, ‘எ ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றுதான் வர வேண்டும். எண்ணோடு சேர்ந்த பெயர் அடையாக நின்றால் பன்மை போய்விடும்: ‘எ டென்-ருபி நோட்’, ‘எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்’. தமிழிலும் பத்து ரூபாய் நோட்டுதானே, ரூபாய்கள் நோட்டு அல்ல.

எழுதியதைத் திருத்த உட்காரும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டாம். முதல் சுற்றில் எல்-ஒய் சொற்களை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் முந்தைய வினையைப் பாருங்கள். லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட், சீம் என்றால் ‘இஸ்’ சோதனை. இரண்டாம் சுற்றில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் ஏதாவது அடை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் சுற்று ‘ஒன்லி’, ‘இட்செல்ஃப்’, ‘சிம்ப்ளி’ வேட்டை. கடைசிச் சுற்று எழுத்துக்கூட்டல். ‘பியூட்டிஃபுல்லி’யில் இரண்டு எல், ‘ட்ரூலி’யில் இ விழும், ‘ஹோலி’ என்று ஒலிக்கும் ‘முழுமையாக’ என்ற சொல்லில் இ விழுந்து இரண்டு எல் வரும், ‘ஹேப்பிலி’யில் ஒய் ஐ ஆகும், ‘ஜென்ட்லி’யில் எல்-இ போய் எல்-ஒய் மட்டும். ஐ-சி-யில் முடிவதற்கு ஏ-எல்-எல்-ஒய் சேர்க்க வேண்டும், ‘பேசிக்கலி’ போல. ‘பப்ளிக்லி’ மட்டும் அதில் சேராமல் வெறும் எல்-ஒய் போட்டுக்கொண்டு தனியாக நிற்கும்.